நைஜீரிய அசாரோவைக் கொழும்பில் சமைக்க எந்தக் கிழங்கை வாங்குவது?

அகப்பை (வெள்ளவத்தை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லாகோஸ் நகரத்தைச் சேர்ந்த யொரூபா இனத்தவர் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றி வருகிறார். கொழும்பின் சோறும் கறியும் அவருக்கு நன்றாகவே பழகிவிட்டன. எங்கள் உறைப்பைப் பற்றி அவர் ஒருநாளும் குறை கூறியதில்லை. ஆயினும் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து, தம் தாயார் சமைக்கும் அசாரோ என்னும் கிழங்குக் கூழைப் பற்றி அவர் அடிக்கடி ஏக்கத்துடன் பேசுகிறார். அடுத்த மாதம் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் ஓர் உணவைச் சமைத்துக் கொண்டுவரும் மதிய விருந்து நடைபெறவுள்ளது. அன்று அவருக்கு முன்னால் ஒரு சட்டி அசாரோவை வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அவர் விவரித்தது இதுதான். வெள்ளைக் கிழங்கைத் துண்டுகளாக வெட்டி அவிக்க வேண்டும். அது பாதி வெந்ததும் அரைத்த சிவப்பு மிளகாய், வெங்காயம், தக்காளி, செம்பனை எண்ணெய், பொடித்த உலர்ந்த இறால், புகையூட்டிய மீன் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். பின்னர் சில துண்டுகளை மசித்தும் சிலவற்றை அப்படியே விட்டும் கெட்டியாக இறக்க வேண்டும். இதைக் கேட்டபோது எங்கள் வீட்டு ஒடியற் கூழ்தான் என் நினைவுக்கு வந்தது. அதனால் செய்துவிடலாம் என்ற துணிவும் பிறந்தது.

சந்தைக்குச் சென்றபின் அந்தத் துணிவு சற்றுக் குறைந்துவிட்டது. இராசவள்ளி, மரவள்ளி, வற்றாளை, கரணை, சிங்கள வியாபாரிகள் கிரி அல என்று விற்கும் கிழங்கு என எல்லாம் அங்கு இருக்கின்றன. இவற்றுள் எது அவருடைய கிழங்குக்கு நெருக்கமானது என்று கூறுவதற்கு அங்கு யாரும் இல்லை. இராசவள்ளி தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் களி காய்ச்சுவதற்கு உரியது என்றும், அதில் இறாலைப் போடுவது தகாது என்றும் அம்மா கூறுகிறார். செம்பனை எண்ணெய்க்குப் பதிலாக எதைப் பயன்படுத்தலாம் என்பதையும், முதற்பால் சேர்த்தால் சுவை கெடுமா என்பதையும் அறிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

தோட்டக்காரன் (ஹோமாகம) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். கிழங்கைப் பற்றி மட்டும் நான் கூறுகிறேன். சமையலை அறிந்தவர்கள் பின்னர் வருவார்கள் என்று நம்புகிறேன்.

அசாரோவுக்குரிய வெள்ளைக் கிழங்கும் நம் இராசவள்ளியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, ஆனால் ஒரே இனம் அல்ல. முன்னையது டயோஸ்கோரியா ரொட்டுண்டாட்டா. அது மேற்கு ஆபிரிக்காவிலேயே காட்டுக் கொடியிலிருந்து பயிராக்கப்பட்டது; 2019ஆம் ஆண்டு வெளியான ஒரு மரபணு ஆய்வு நைஜர் ஆற்றுப் படுகையை அதன் பிறப்பிடமாகக் காட்டியது. இன்றும் உலகில் விளையும் இவ்வகைக் கிழங்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நைஜீரியாவிலேயே விளைகிறது. நம் இராசவள்ளி டயோஸ்கோரியா அலாட்டா. அது தென்கிழக்கு ஆசியாவையும் அதையொட்டிய பசிபிக் தீவுகளையும் தாயகமாகக் கொண்டு, பின்னர் கடல்வழியாக ஆபிரிக்காவை அடைந்த பயிர். ஆகவே உங்கள் நண்பரின் நாட்டிலும் அது விளைகிறது. அங்கு அதை நீர்க்கிழங்கு என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். இபாதான் நகரில் 1967ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவனம் இவ்விரண்டு இனங்களையுமே ஆராய்ந்து வருகிறது.

சமையலுக்கு முக்கியமானது இவற்றின் ஈரத்தன்மையில் உள்ள வேறுபாடு. வெள்ளைக் கிழங்கில் நீர் குறைவு, மாப்பொருள் அதிகம். அதை அவித்தால் துண்டின் ஓரம் கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும், நடுப்பகுதியோ மாவுபோல உதிர்ந்து நிற்கும். அசாரோவின் அமைப்பே இந்தக் குணத்தை நம்பி உருவானது. இராசவள்ளியில் நீரும் வழுவழுப்பும் கூடுதலாக உள்ளதால், அதன் துண்டுகள் வெந்த பின்னும் மெழுகுபோல இறுகி நிற்கும். வலிந்து மசித்தால் வழுக்கும் கூழாகிவிடும். அதைக் கொண்டு அசாரோ செய்தால் நீங்கள் எவ்வளவு கவனமாகச் சமைத்தாலும் உங்கள் நண்பர் முதல் வாயிலேயே வேறுபாட்டை உணர்ந்துவிடுவார்.

நிறத்தையும் எண்ணிப் பாருங்கள். ஊதாநிற இராசவள்ளிக்கு அந்த நிறத்தைத் தருவது அந்தோசயனின் என்னும் நிறமி. அது புளிப்புடன் சேர்ந்தால் சிவப்பை நோக்கித் திரும்பும். தக்காளியும் மிளகாயும் எண்ணெயும் சேர்ந்த செம்மஞ்சள் குழம்பில் அது கலந்தால் பார்வைக்கு மண்ணின் நிறமே கிடைக்கும். இதே இனத்தில் உள்ளே வெள்ளையாக இருக்கும் கிழங்கும் நம் நாட்டில் பயிரிடப்படுகிறது. வியாபாரியிடம் ஒரு துண்டை வெட்டிக் காட்டச் சொல்லி, வெள்ளையானதையே வாங்குங்கள். கரணையை இதற்கு எண்ண வேண்டாம். அது இந்தக் கொடியினத்துக்கே தொடர்பற்றது, முறையாக அவிக்காவிட்டால் தொண்டையைக் கடுமையாக அரிக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை (தெஹிவளை) எழுதியது:

அன்புள்ள பிள்ளைக்கு, நைஜீரியா 1976ஆம் ஆண்டில் அனைவருக்குமான ஆரம்பக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், அங்கு ஆசிரியர்களுக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. இலங்கையிலிருந்து, சிறப்பாக யாழ்ப்பாணத்திலிருந்து, கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் பலர் அந்நாட்டுக்குச் சென்றோம். நானும் என் கணவரும் 1980களின் தொடக்கத்தில் இஜெபு ஓடே நகருக்கு அருகிலுள்ள ஓர் இடைநிலைப் பள்ளியில் கற்பித்தோம். அயல்வீட்டு அம்மையார் ஒருவரின் அடுப்படியில்தான் நான் அந்நாட்டுச் சமையலைக் கற்றுக்கொண்டேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மேலே தோட்டக்காரத் தம்பி எழுதியிருப்பது முற்றிலும் சரி. ஆனால் அவர் கூறிய நீர்க்கிழங்கை யொரூபா மக்கள் வீணாக்குவதில்லை. அவர்களுள் இஜெபு மக்கள் அதற்கென்றே இக்கோக்கொரே என்ற ஒரு கூழைச் சமைக்கிறார்கள். அசாரோவில் சேரும் மிளகாய்க் குழம்பு, உலர்ந்த இறால், புகையூட்டிய மீன் ஆகிய அனைத்தும் இதிலும் சேரும். கிழங்கை மட்டும் துண்டாக வெட்டாமல் துருவிச் சேர்ப்பார்கள். அசாரோவில் குறையாகிவிடும் அந்த வழுவழுப்பே இங்கு துருவலைப் பிணைத்து நிறுத்துகிறது. எனவே கொழும்பில் கிடைக்கும் கிழங்கை அசாரோவாக்க முயன்று பாதிச் சுவையைத் தருவதைவிட, அதே கிழங்கில் இக்கோக்கொரேயை முழுச் சுவையுடன் செய்து கொடுங்கள் என்பதே என் ஆலோசனை. லாகோஸில் வளர்ந்த எவரும் அதை அறிந்திருப்பார். இஜெபு நிலம் லாகோஸுக்கு அண்மையிலேயே உள்ளது.

செய்முறையைக் கூறுகிறேன். ஒரு கிலோ வெள்ளை உள்ளீடுள்ள கிழங்குக்கு, சிவப்பு நிறக் குடைமிளகாய் மூன்று, பெரிய வெங்காயம் இரண்டு, உறைப்புக்கு ஒன்றோ இரண்டோ நைமிரிஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நைமிரிஸைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர்கள் அத்தா ரோடோ என்று அழைக்கும் மிளகாயும் நம் நைமிரிஸும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. பழம்போன்ற அந்த மணம் கொச்சி மிளகாயிலோ செத்தல் மிளகாயிலோ வராது. இவற்றை நீர் சேர்க்காமல் பிளெண்டரில் அரைத்து, சட்டியில் இட்டு நீர் வற்றும்வரை காய்ச்சுங்கள். அதன் பின்னரே எண்ணெயை விட்டு, பச்சை வாசனை முற்றாக நீங்கி எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை வதக்க வேண்டும். இந்தப் படியில் அவசரப்பட்டால் பின்னர் எதைச் சேர்த்தாலும் குழம்பில் வேகாத மிளகாயின் புளிப்பு தங்கிவிடும். அந்த அம்மையார் என்னை அடுப்பருகே நிறுத்திக் காத்திருக்கச் செய்தது இந்த ஓர் இடத்தில்தான்.

வதங்கியதும் அரை லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக நீரோ மீன் அவித்த நீரோ விட்டு, பொடித்த கூனி இறாலையும் முள் நீக்கிய மீனையும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். புகையூட்டிய மீன் கிடைக்காவிட்டால், ஊறவைத்து உப்பை நீக்கிய கருவாட்டைச் சுட்டு உதிர்த்துப் போடலாம். சிறிது மாசியும் பொருந்தும். கிழங்கைத் தோல் நீக்கி, துருவியின் மிகச் சிறிய துளைகளில் துருவி, ஒரு சிட்டிகை உப்புடன் கையால் நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது அந்தத் துருவலைச் சிறு சிறு உருண்டைகளாகக் கிள்ளி ஒன்றன்பின் ஒன்றாக இடுங்கள். இட்டவுடன் கிளறவே கூடாது. மூடிவைத்து, மெல்லிய நெருப்பில் கால் மணிநேரம்வரை விட்டால் உருண்டைகள் இறுகும்; அதற்குப் பிறகு அகப்பையால் அடியிலிருந்து மெதுவாகப் புரட்டி, மேலும் பத்து நிமிடம் வேகவிடுங்கள். சில உருண்டைகள் கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும், ஏனையவை மென்மையான கட்டிகளாக நிற்கும். அந்தக் கலப்பே இக்கோக்கொரேயின் சரியான பதம்.

துருவிய மா மிகவும் தளர்ந்திருந்தால் உருண்டைகள் குழம்பில் சிதறிவிடும். அப்போது துருவலை ஒரு துணியில் சிறிது நேரம் வடியவிடலாம். நீரை முற்றாகப் பிழிந்துவிட வேண்டாம், பிழிந்தால் உருண்டை வெந்தபின் இறப்பர்போல ஆகிவிடும்.

தேங்காய்ப்பாலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த உணவில் அதைத் தவிர்ப்பதே நல்லது. யொரூபா மக்கள் தேங்காய்ப்பாலை அறியாதவர்கள் அல்லர். பெரிய வெள்ளியன்று லாகோஸில் அவரையையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்து ஃபிரெஜோன் என்ற உணவைச் செய்வார்கள். ஆயினும் முதற்பாலின் இனிப்பு மிளகாயின் மணத்தையும் மீனின் புகைமணத்தையும் மூடிவிடும். பிறகு அது நம் வீட்டுக் கறியின் சுவைக்கே வந்துவிடும்.

கொட்டாஞ்சேனைச் சட்டி எழுதியது:

ரீச்சர் எழுதியதைப் படித்து மிக்க மகிழ்ச்சி அடைந்தேன். எண்ணெயைப் பற்றிய கேள்விக்கு மட்டும் யாரும் இதுவரை பதில் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

கடைகளில் பாம் எண்ணெய் என்று காணப்படும் நிறமற்ற எண்ணெய் இதற்குப் பயன்படாது. அது சுத்திகரிக்கப்பட்டு, நிறமும் மணமும் நீக்கப்பட்ட பொருள். மேற்கு ஆபிரிக்கச் சமையலுக்குத் தேவைப்படுவது எண்ணெய்ப்பனையின் பழத்தசையிலிருந்து பிழிந்த, கரட்டின் நிறத்தைத் தரும் அதே கரோட்டினால் செந்நிறமாக இருக்கும் சுத்திகரிக்கப்படாத எண்ணெய். நம் நாட்டிலும் காலிப் பகுதியின் தோட்டங்களில் எண்ணெய்ப்பனை வளர்க்கப்பட்டது. 2021 ஏப்ரலில் அரசு பாம் எண்ணெய் இறக்குமதிக்கும் புதிதாக எண்ணெய்ப்பனை நடுவதற்கும் தடை அறிவித்தது. அந்தத் தடைக்கு முன்னரும்கூட செந்நிற எண்ணெய் இங்கு வீட்டுச் சமையலில் இடம்பெற்றதில்லை. உங்கள் நண்பரிடமோ அவருடைய நாட்டவர் யாரிடமோ ஒரு சிறு போத்தல் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மூன்று மேசைக்கரண்டி கிடைத்தாலும் போதும்; வதக்குவதற்குத் தேங்காயெண்ணெயைப் பயன்படுத்தி, இறக்குவதற்குச் சற்று முன்பு அதை ஊற்றினால் மணம் முழுவதும் உணவில் தங்கும்.

அது கிடைக்காவிட்டால் தேங்காயெண்ணெயுடன் நிறுத்திக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் எல்லாவற்றையும் ஆட்கொள்ளும். நிறத்துக்காக மஞ்சளும் சேர்க்க வேண்டாம், ஏனெனில் மஞ்சள் விழுந்தவுடன் உணவு நம் நாட்டுக் கறியாகிவிடும். குடைமிளகாயை நீண்டநேரம் வதக்குவதிலேயே நல்ல செம்மஞ்சள் நிறம் வரும்.

இன்னொன்றையும் கூற விரும்புகிறேன். வெள்ளை இராசவள்ளி உங்களுக்குக் கிடைக்காமலும் போகலாம். அது மழைக்காலத்துக்குப் பின்னர், மார்கழி, தை மாதங்களையொட்டியே சந்தைக்குக் கூடுதலாக வரும். அப்போதும் யாழ்ப்பாணத்தவரின் விருப்பத்துக்கேற்ப ஊதாநிறமே முன்வரிசையில் இருக்கும். அந்நிலையில் நீங்கள் குறிப்பிட்ட கிரி அலவையே வாங்குங்கள். அது சாந்தோசோமா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. கானாவில் அதையே மன்கானி என்ற பெயரில் உண்கிறார்கள். 1843ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கானாவின் அக்ரோபொங் பகுதியில் குடியேறிய கிறித்தவக் குடும்பங்கள் அந்தக் கிழங்கை அங்கு கொண்டுசென்றதாக வரலாறு கூறுகிறது. அக்கான் மக்கள் அதைக் கொண்டு மபொத்தொம்பொத்தோ என்ற கூழைச் சமைக்கிறார்கள். துண்டுகளாக வெட்டி, வெங்காயம், மிளகாய், தக்காளி, புகைமீன், செம்பனை எண்ணெய் ஆகியவற்றுடன் ஒரே சட்டியில் வேகவைத்து, பாதியை மசித்து விடுவதே அதன் முறை. கிரி அல நன்றாகக் கரைந்து தடிப்பாகும் கிழங்கு. ஆகவே அசாரோவைப் போலவே துண்டும் குழம்புமாக வர வேண்டுமென்றால், நம் சந்தையில் கிடைப்பவற்றுள் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. ரீச்சர் இதை ஏற்பாரா என்று அறிய ஆவல்.

அகப்பை (வெள்ளவத்தை) எழுதியது:

ரீச்சருக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று நாரஹேன்பிட்டிப் பொருளாதார மத்திய நிலையத்தில் வெள்ளை உள்ளீடுள்ள கிழங்கு கிடைத்தது. வியாபாரி மறுக்காமல் வெட்டிக் காட்டினார். எனவே இக்கோக்கொரேயையே செய்வதாக முடிவுசெய்திருக்கிறேன். அம்மாவும் இப்போது இறாலுக்கு இணங்கிவிட்டார்.

இன்னும் சில ஐயங்கள் உள்ளன. இந்தக் கிழங்கைத் துருவும்போது கை அரிக்கும் என்று அம்மா கூறுகிறார். அதற்கு என்ன செய்வது? காலையில் சமைத்து அலுவலகத்துக்குக் கொண்டுசென்றால் மதியத்துக்குள் அது இறுகிவிடுமா? எங்கள் அலுவலகத்தில் சைவ உணவை மட்டும் உண்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக மீனும் இறாலும் இல்லாமல் ஒரு சிறு சட்டி தனியாகச் செய்தால் சுவை வெறுமையாகிவிடுமோ என்றும் தயங்குகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை (தெஹிவளை) எழுதியது:

முதலில் கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதியவருக்கு: கிரி அலவைப் பற்றிய உங்கள் கருத்தை முழுமனத்துடன் ஏற்கிறேன். அசாரோவை விரும்பும் ஒருவருக்கு அந்தக் கூழ் அந்நியமாகத் தோன்றாது.

இனிப் பிள்ளையின் கேள்விகளுக்கு வருகிறேன். அம்மா கூறுவது உண்மையே. கிழங்கின் சாற்றிலும் தோலை ஒட்டிய பகுதியிலும் ஊசிபோன்ற கல்சியம் ஒக்சலேற்றுப் படிகங்கள் உள்ளன. அவையே கையை அரிக்கச் செய்பவை. கைகளில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, தோலைச் சற்றுத் தடிப்பாகச் சீவி, கிழங்கைக் கழுவித் துடைத்த பின்னர் துருவுங்கள். கையுறை அணிந்தால் கவலையே இல்லை. நன்றாக வெந்தபின் உண்பவர் எவருக்கும் அரிப்பு இராது. பச்சைத் துருவலை மட்டும் சுவை பார்க்க வேண்டாம்.

மதியத்துக்குள் அது இறுகத்தான் செய்யும், ஆனால் அதை ஒரு குறையாக எண்ண வேண்டியதில்லை. இஜெபு மக்கள் முதல்நாள் மிஞ்சிய இக்கோக்கொரேயை, மரவள்ளி மாவிலிருந்து கிண்டிய ஆறிய எபாவுடன் சேர்த்து உண்பதைப் பெரிதும் விரும்புவார்கள். சூடாகப் பரிமாற வேண்டுமென்றால், சற்றுத் தளர்வாக இறக்கி, வெப்பம் காக்கும் பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். மீண்டும் சூடாக்குவதானால் சிறிது வெந்நீர் தெளித்து, கட்டிகள் உடையாதவாறு அடியிலிருந்து புரட்டுங்கள்.

சைவச் சட்டியைப் பற்றி நீங்கள் தயங்க வேண்டாம். யொரூபாச் சமையலில் ஆழ்ந்த சுவை மீனிலிருந்து மட்டும் வருவதில்லை. பார்க்கியா என்னும் மரத்தின் விதைகளை அவித்துப் புளிக்கவைத்த இரு என்ற பொருளும் அதைத் தருகிறது. நைஜீரியாவின் வடபகுதியில் தாதாவா என்று அழைக்கப்படும் அதே வகைப் பொருளைச் சோயா அவரையிலும் செய்கிறார்கள். ஆகவே கொழும்பின் பெரிய கடைகளில் சீன உணவுப்பொருள்களுடன் வைக்கப்பட்டிருக்கும் புளித்த கறுப்புச் சோயா அவரையைக் கழுவி, நசுக்கி, ஒரு மேசைக்கரண்டி அளவு குழம்பில் சேர்த்தால் சுவை வெறுமையாக இராது. அவர்கள் உகு என்னும் ஒருவகைப் பூசணியின் இலையைக் கிழங்குக் கூழில் அரிந்து போடுவதும் உண்டு. அதற்கு நம் பூசணிக் கொழுந்தையோ பசளியையோ இறக்குவதற்கு முன் சேர்க்கலாம். இலை சேர்த்தபின் மூடிவைக்காதீர்கள், பச்சை நிறம் மங்கிவிடும்.

உப்பை இரண்டு சட்டிகளிலும் இறுதியில் சுவை பார்த்தே சேருங்கள். ஒன்றில் கூனி இறாலும் கருவாடும், மற்றதில் சோயா அவரையும் ஏற்கெனவே போதிய உப்பைக் கொண்டுவந்திருக்கும்.